மலிவு வேப்பரைசர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியதும், திறந்தபின் தொடக் கூடாததும்

உலர்மூலிகை வேப்பரைசர், அதாவது உலர்ந்த இலையை எரிக்காமல் சுடவைத்து அதன் ஆவியை உள்ளிழுக்கும் மின்கருவி. ஒன்றைப் பிரித்துப் போட்டால் மேசைமேல் கிடப்பது ஏழு பொருள்தான்: பொடியைப் போடும் சின்னக் கிண்ணம், அதைச் சுடவைக்கும் ஹீட்டர், சூட்டை அளக்கும் சென்சார், கட்டுப்பாட்டு போர்டு, லித்தியம் செல், சார்ஜிங் சாக்கெட், வாய் வைக்கும் குழாய். அசலும் நகலும் வெளியே பார்க்க ஒரே அச்சுதான். விலை குறைந்ததற்கான காரணம் ஹீட்டரின் இணைப்பிலும் சென்சாரிலும் செல்லிலும் ஒளிந்திருக்கும். கடைக்காரர் போடும் படத்தில் இந்த மூன்றும் தெரியாது.

இவற்றில் முதல் இரண்டும் நீங்கள் உள்ளிழுக்கும் காற்றோடு சம்பந்தப்பட்டவை. அதனால் கணக்கு இதுதான்: காற்று வழிக்கு வெளியே இருப்பதை நீங்களே பழுது பார்க்கலாம். காற்று வழிக்குள் இருப்பதை அசல் உதிரிபாகம் கையில் இல்லாமல் தொடக் கூடாது. அந்த உதிரிபாகம் தனியாகக் கிடைக்காத கருவி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பணம் கட்டும் முன்

முதலில் சட்டம். இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட் வகைகளைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் விளம்பரம் செய்வதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சுடவைத்து உள்ளிழுக்க வைக்கும் மின்கருவி அந்த வரையறைக்குள் வந்துவிடும். சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். தடை உள்ள நாட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு கடை சொன்னால், பொருள் கெட்டுப்போகும்போது திருப்பித் தரும் வழியும் இருக்காது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுமதி உள்ள இடமென்றால் கடைப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பழைய விமர்சனங்களில் போன் உறை பற்றியும் சமையல் கரண்டி பற்றியும் எழுதியிருந்தால், வேறு பொருளுக்கு வாங்கிய நட்சத்திரங்களை இதற்கு ஒட்டியிருக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் பொருளென்றால் சீரியல் எண் தெரியும்படி இன்று எடுத்த படம் கேளுங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் அது திருட்டுப் பொருளாகவோ, நிறுவனம் வேண்டாமென்று ஒதுக்கியதாகவோ இருக்கலாம். பெட்டிமேல் அச்சிட்ட கியூஆர் குறியீட்டை வைத்து அசலா என்று பார்க்கவே வேண்டாம். நகல் செய்பவர் குறியீட்டையும் நகல் செய்வார், “வாழ்த்துகள், இது அசல்” என்று காட்டும் பக்கத்தையும் சேர்த்தே செய்வார். நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்கே சீரியல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. ஒரே அசல் எண்ணை ஆயிரம் நகலில் அடிப்பதும் உண்டு.

ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்தது என்று காட்டும் சிஇ முத்திரையை நம்பி முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலான மின்பொருள்களில் அதைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்கிறார், வெளியாள் சோதித்துத் தர வேண்டியதில்லை. இவ்வகைக் கருவிகளின் மின்சுற்றுப் பாதுகாப்புக்கென்றே உள்ள தரம் யூஎல் 8139. செல்லுக்கு ஐஇசி 62133. இவற்றில் ஏதாவது ஒன்றின் சோதனைச் சான்றைக் கேளுங்கள். கேட்டவுடன் கடைக்காரர் பேச்சை மாற்றினால் அதுவே பதில்.

முன்பே திரவம் நிரப்பி வரும் கார்ட்ரிட்ஜை எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். 2019-ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவோ இறந்ததாகவோ அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. இறந்தவர்கள் 68 பேர். கள்ளச் சந்தைக் கஞ்சா கார்ட்ரிட்ஜ்களில் எண்ணெயைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்த வைட்டமின் இ அசிட்டேட் அதோடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. கருவியை, வோல்ட்டும் தடையும் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கலாம். கார்ட்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்பதை வீட்டில் யாராலும் சோதிக்க முடியாது.

செல்லை எடை போட்டுப் பாருங்கள்

கழற்றி மாட்டும் செல் என்றால் அநேகமாக 18650: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவுக்குள் நல்ல தயாரிப்பாளர்கள் அடைத்து வந்தது சுமார் 3,500 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). புதிதாக வருபவை 4,000-ஐ ஒட்டி நிற்கின்றன. மேலே 6,800 என்றோ 9,900 என்றோ அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம், போலி. சமையலறைத் தராசில் வைத்தாலும் தெரியும். நல்ல செல் 44 முதல் 49 கிராம் வரை இருக்கும். 35-க்குக் கீழே போனால் உள்ளே சின்னச் செல்லை வைத்து மீதி இடத்தை எதையோ போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

கொள்ளளவைவிட முக்கியமான எண், செல் தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டம். ஒரு கையடக்க வேப்பரைசரின் ஹீட்டர் 30 வாட் என்று வையுங்கள். செல் 3.5 வோல்ட்டில் இருக்கும்போது அது இழுப்பது ஏறக்குறைய 8.6 ஆம்பியர். பழைய லேப்டாப் பேக்கிலிருந்து உருவி, புது உறை மாட்டி விற்கும் செல்கள் பெரும்பாலும் 4, 5 ஆம்பியருக்கே செய்யப்பட்டவை. வயதாகி அதன் உள்தடை 0.15 ஓமுக்கு ஏறியிருந்தால், 8.6 ஆம்பியரில் 1.3 வோல்ட் செல்லுக்குள்ளேயே விழும். 11 வாட் வெப்பம் செல்லுக்குள்ளேயே பிறக்கும். கருவியின் அடிப்பகுதி கொதிப்பது ஹீட்டரால்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செல்லாலும் இருக்கலாம்.

இதைப் பார்க்க எளிய வழி: செல்லை முழுதாக 4.2 வோல்ட்டுக்கு ஏற்றி, மல்டிமீட்டர் முனைகளைச் செல்லின் இரு முனையிலும் பிடித்தபடி கருவியைச் சூடாக்குங்கள். 3.8-க்கு இறங்கினால் பரவாயில்லை. முதல் சில நொடியிலேயே 3.3-க்குக் கீழே விழுந்தால் அந்தச் செல் இந்த வேலைக்கு ஆகாது. மாற்றும்போது 20 ஆம்பியர் தாங்கும் 2,500 அல்லது 3,000 எம்ஏஎச் செல் வாங்குங்கள். எண் பெரியது வேண்டுமென்று 3,500-க்குப் போனால் மின்னோட்டம் 8, 10 ஆம்பியருக்கு இறங்கிவிடும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பது அபூர்வம்.

செல்லின் மேலுறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் மாட்டாதீர்கள். தட்டையான அடி மட்டும் மைனஸ் என்று நினைப்பது தவறு. பக்கவாட்டு உலோகம் முழுக்க, மேல் விளிம்பு வரை மைனஸ்தான். பிளஸ் முனையிலிருந்து அதைப் பிரித்து வைப்பது மெல்லிய காகித வளையமும் அந்த உறையும் மட்டுமே. மேல்முனை ஓரத்தில் உறை கிழிந்து, கருவியின் உலோக உடம்பு பட்டால் நேரடி ஷார்ட். புது உறையும் வளையமும் மாட்டுவது ஐந்து நிமிட வேலை.

2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லை “எழுப்ப” முயல வேண்டாம். அந்த அளவுக்கு வடிந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி ஏற்றும்போது கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட்டுக்கு வழி செய்யும். ஒரு வாரம் நன்றாக ஓடுவதுபோல் தெரியும் என்பதுதான் இதில் ஆபத்து.

பெட்டி வந்ததும்

பிரிப்பதை ஒரே தொடர் வீடியோவாக எடுங்கள். பெட்டியின் முகவரிச் சீட்டில் ஆரம்பித்து, சீரியல் எண், செல்லின் எடை, முதல் சார்ஜ் வரை. பணத்தைத் திரும்பக் கேட்கும்போது இதுதான் பேசும். இன்னொன்று: உப்பிய அல்லது சேதமான லித்தியம் செல்லை விமானக் கூரியரில் அனுப்ப அனுமதி இல்லை. “திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம்” என்பது பல சமயம் நடக்காத காரியம். படத்தை வைத்தே பணம் கேளுங்கள்.

முதல் சார்ஜை 5 வோல்ட், 1 அல்லது 2 ஆம்பியர் சார்ஜரில், கண்ணெதிரே, கல் தரையில் வைத்துச் செய்யுங்கள். இரு பக்கமும் யூஎஸ்பி சி உள்ள வயரில் சார்ஜ் ஏறாமல், ஒரு பக்கம் பழைய அகல யூஎஸ்பி உள்ள வயரில் மட்டும் ஏறினால் கருவி கெட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள். சாக்கெட்டில், சார்ஜர் கருவியை அடையாளம் காணும் சிசி முனைகள் இரண்டிலும் போட வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் காசு மிச்சப்படுத்த விட்டிருக்கிறார்கள். அது ஆபத்து இல்லை. ஆனால் ஒரு பைசா ரெசிஸ்டரிலேயே கை வைத்தவர் செல் பாதுகாப்பில் என்ன செய்திருப்பார் என்று யோசிக்க வைக்கும். சார்ஜ் முடிந்ததும் செல்லின் வோல்ட்டை அளங்கள். 4.15 முதல் 4.20 வரை சரி. 4.25-ஐத் தாண்டினால் சார்ஜிங் சுற்று தவறு, இனி அந்தக் கருவியில் சார்ஜ் போடாதீர்கள்.

அடுத்தது காற்று எங்கிருந்து வருகிறது என்ற சோதனை. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் அதிகம் சொல்லும். 50 மில்லிலிட்டர் சிரிஞ்சை ஒரு சிறு ரப்பர் குழாயால் வாய்க்குழாயோடு இணையுங்கள். கருவி அணைந்திருக்கட்டும். காற்று நுழையும் துளையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு சிரிஞ்சை இழுங்கள். பிஸ்டன் திரும்பி ஓடினால் காற்று வழி மூடியது. தடையில்லாமல் இழுபட்டால் பொத்தான் ஓரத்திலிருந்தோ சார்ஜிங் துளையிலிருந்தோ காற்று வருகிறது. அதாவது போர்டையும் பற்றவைத்த சால்டர் ஈயத்தையும் செல்லையும் தடவிக்கொண்டு வரும் காற்றைத்தான் இழுக்கப் போகிறீர்கள். இதற்குப் பழுது கிடையாது. திருப்பி அனுப்புங்கள்.

இதில் தேறினால், கிண்ணம் காலியாக இருக்க, அதிகபட்சச் சூட்டில் ஐந்து சுற்று ஓட விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், வாய் வைக்க வேண்டாம். முதல் இரண்டு சுற்றில் இயந்திர எண்ணெய் வாடை வரலாம். ஐந்தாவதிலும் கருகிய பிளாஸ்டிக் வாடையோ, பசை போன்ற இனிப்பு வாடையோ இருந்தால் பத்தாவதிலும் இருக்கும். சூட்டைத் தாங்காத ஒரு பொருள் உள்ளே இருக்கிறது.

பிறகு சூட்டை அளங்கள். மல்டிமீட்டரோடு வரும் கே வகைத் தெர்மோகப்பிளின் (சூட்டை அளக்கும் இரு உலோக வயர்) முனையைக் கிண்ணத்தின் சுவரில் படும்படி வைத்து, 190 டிகிரிக்கு அமைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். 10 டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. 30 டிகிரி கூடுதலாகக் காட்டினால் விஷயம் வேறு: 200-க்கு மேல் அமைத்தாலே நிஜத்தில் 230 டிகிரியைத் தாண்டிவிடும், உலர்ந்த இலை கருகத் தொடங்கும், ஆவிக்குப் பதில் புகையை இழுப்பீர்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை இதற்கு நம்பாதீர்கள். பளபளக்கும் உலோகத்தில் அது நிஜத்தைவிட வெகு குறைவாகவே காட்டும்.

எந்தப் பொருள் எவ்வளவு சூடு தாங்கும்

கருவியைத் திறப்பவர் மனதில் இந்த எண்கள் இருந்தால் பாதி முடிவு தானே வந்துவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரி அருகிலேயே இளகும். பாலிகார்பனேட் 147-ல். சாதா பிவிசி வயர் உறை 70 முதல் 105 வரைதான். சிலிக்கோன் வயர் 180, 200 வரை தாங்கும். சூடு தாங்கும் பிளாஸ்டிக்குகளில் பிடிஎஃப்இ (டெஃப்லான்) தொடர்ந்து 260 வரை, பீக் 250 வரை. வாய்க்குழாய் ஏபிஎஸ்ஸாக இருக்கலாம், சூடு அங்கே வருவதற்குள் தணிந்துவிடும். கிண்ணத்தைத் தாங்கும் வளையம் ஏபிஎஸ்ஸாக இருக்கக் கூடாது.

இதில் எல்லாரும் கோட்டை விடுவது ஈயத்தில். 60-40 சால்டர் ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190-க்குள் உருகிவிடும். ஈயமில்லாத வெள்ளீய வகை 217 முதல் 220-க்குள். வேப்பரைசர் ஓடுவதே 180-க்கும் 220-க்கும் நடுவில்! அதனால்தான் ஒழுங்கான தயாரிப்பில் ஹீட்டர் முனையை ஸ்பாட் வெல்டிங் செய்வார்கள், அல்லது உலோகக் குழலை நசுக்கி இணைப்பார்கள். முனை கழன்றது என்று ஒரு சொட்டு ஈயத்தை வைத்து மூடினால், பத்து நிமிட ஓட்டத்தில் அது இளகும், மறுபடி கழலும், அதுவரை ஈயத்தோடு சேரும் ஃபிளக்ஸ் பசையின் புகையும் ஈயத் துகளும் காற்று வழிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஹீட்டர் முனை கழன்றால் ஹீட்டரை முழு அசெம்ப்ளியாக மாற்றுங்கள். கிடைக்கவில்லையா, கருவி முடிந்தது.

ஹீட்டரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் ஊதாதீர்கள், பிரஷ் போடாதீர்கள். வெப்பம் தடுக்கும் செராமிக் நாராக இருக்கலாம். அந்த வகை நாரை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. அது காற்று வழிக்குள் திறந்து கிடந்தால் திரும்ப மூடி, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

திறப்பது எப்படி, எது கெட்டிருக்கும்

செல்லைக் கழற்றிய பிறகே ஸ்க்ரூவில் கை வையுங்கள். உள்ளேயே ஈயம் வைத்த செல் என்றால், முதலில் சிவப்பு வயரை மட்டும் வெட்டி, முனையைச் சூடு தாங்கும் காப்டன் (Kapton) டேப்பால் மூடிய பிறகு கறுப்பை வெட்டுங்கள். இரண்டையும் ஒரே கத்தரியில் வெட்டினால் கத்தரியே ஷார்ட் ஆகும். மூடியை நெம்ப பிளாஸ்டிக் நெம்புகோல்தான். உலோக ஸ்க்ரூடிரைவர் நழுவினால் உலோகக் கூடில்லாத தட்டையான பை வகைச் செல்லில் குத்தும்.

கருவி ஆன் ஆகவில்லை என்றால் பல நேரம் சாக்கெட்டின் ஈயம் விட்டிருக்கும், அல்லது செல் தொடும் ஸ்பிரிங் கறுத்திருக்கும். இவை காற்று வழிக்கு வெளியே இருப்பவை, தாராளமாகச் சரிசெய்யலாம். ஸ்பிரிங்கை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஆன் செய்யும் முன் அரை மணி நேரம் காய வேண்டும். அதன் ஆவி 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடியது, ஈரத்தோடு ஹீட்டரைப் போடுவது விளையாட்டு இல்லை. நெயில் பாலிஷ் நீக்கியை எடுக்காதீர்கள், ஏபிஎஸ்ஸைக் கரைக்கும்.

ஆன் ஆகிறது, சூடாகவில்லை: ஹீட்டரின் தடையை அளங்கள். 3.7 வோல்ட்டில் 30 வாட் தரும் ஹீட்டர் சுமார் 0.45 ஓம் காட்ட வேண்டும். முதலில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் 0.2 அல்லது 0.3-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். அளவே வரவில்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

அணைத்த பிறகும் சூடாகிறது: இதுதான் மிக மோசமான பழுது. ஹீட்டருக்கு மின்சாரம் விடும் மாஸ்பெட் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகவே கெடும், அதாவது சுவிட்ச் எப்போதும் ஆன். உடனே செல்லைக் கழற்றுங்கள். அதன் டிரெய்ன், சோர்ஸ் என்ற இரு கால்களுக்கும் நடுவே இரு திசையிலும் மல்டிமீட்டர் பீப் அடித்தால் மாஸ்பெட் போய்விட்டது. நல்லதென்றால் ஒரு திசையில் மட்டும் அரை வோல்ட் அளவுக்கு டயோடு போலக் காட்டும். அதே எண்ணுள்ள மாஸ்பெட்டை மாற்றலாம்தான். ஆனால் ஹீட்டர் உடம்பில் ஷார்ட் ஆகித்தான் அது போனதா என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் போகும். ஹீட்டரின் பாதையில், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் இல்லாத கருவியில் இந்த வேலையே வேண்டாம். அடுத்த முறை அது பைக்குள் இருக்கும்போது நடக்கலாம்.

காட்டும் சூடு தாறுமாறு: சென்சார். பிளாட்டினம் வகையான பிடி1000 என்றால் 30 டிகிரி அறையில் சுமார் 1,117 ஓம் காட்ட வேண்டும். சூடு ஏற ஏறத் தடை குறையும் 100 கிலோ ஓம் தெர்மிஸ்டர் என்றால் ஏறக்குறைய 80 கிலோ ஓம். தெர்மிஸ்டரின் வயர் அறுந்தால் போர்டுக்கு அது “மிகவும் குளிர்” என்றே தெரியும். மென்பொருள் ஒழுங்காக எழுதப்படாத நகல்களில் ஹீட்டர் முழு வேகத்தில் ஏறிக்கொண்டே போகும். தெர்மோகப்பிளில் வேறு வம்பு: இரு வயரையும் மாற்றி இணைத்தால் சூடு ஏற ஏற அளவு இறங்கும், போர்டு இன்னும் சூடேற்றும். சென்சார் மாற்றிய பிறகு மேலே சொன்ன 190 டிகிரிச் சோதனையைச் செய்யாமல் ஒருமுறைகூட இழுக்காதீர்கள்.

உள்ளிருக்கும் செல்லை மாற்றும்போது நேராகச் செல்மேல் ஈயம் வைக்காதீர்கள். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி. செல்லுக்குள் இரு பக்கத்தையும் பிரிக்கும் மெல்லிய படலம் 130 டிகிரி அருகிலேயே உருகும். நிக்கல் பட்டை ஏற்கெனவே வெல்டிங் செய்த செல் கிடைக்கும், ஈயத்தைப் பட்டையின் நுனியில் வையுங்கள்.

சுவர் பிளக்கில் ஓடும் மேசை வகை

இதை அனுபவமில்லாதவர் திறக்கவே கூடாது. 230 வோல்ட் லைனில் உள்ள கப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். திறக்காமலே இரண்டு விஷயம் பார்க்கலாம். உலோக உடம்பு உள்ள கருவியில் மூன்று முனை பிளக் இருந்தால், எர்த் முனைக்கும் உடம்புக்கும் நடுவே 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். இரண்டாவது, ஒட்டியிருக்கும் சீட்டில் வோல்ட் அளவு. 110 வோல்ட்டுக்குச் செய்த 100 வாட் ஹீட்டர் 230-ல் 437 வாட் இழுக்கும். பயண அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இதனால் கருகிப்போன கருவிகள் “சின்னப் பழுது” என்று செகண்ட் ஹேண்டாக வரலாம்.

கழித்துப் போடும்போது

முடிந்துபோன கருவியைச் செல்லோடு குப்பையில் போடாதீர்கள்; லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுங்கள். உப்பியிருந்தால் காற்றை வெளியேற்றுகிறேன் என்று குத்த வேண்டாம். உலோக டப்பாவில் உலர்ந்த மணல் போட்டு அதில் புதைத்து, இறுக மூடாமல், வீட்டுக்கு வெளியே வையுங்கள். சீறும் சத்தமோ இனிப்பான கரைப்பான் வாடையோ வந்தால் எடுக்கப் போகாதீர்கள்; வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் சுவர் பிளக்கில் மாட்டியிருந்தால் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான்.